வார்ம்-அப் மாத்திரை

காலையில் நான் முதலில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். டீ போட்டேன். அவளுக்குச் சர்க்கரை குறைவு, எனக்கு அதிகம். தட்டில் இரண்டு ரொட்டித் துண்டுகள் வைத்தேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று சின்னது, வெள்ளை. மற்றது இளஞ்சிவப்பு, கொஞ்சம் பெரியது. காய்ந்த துணிகளை மடித்தேன். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். அவள் பல் தேய்த்து, ரொட்டியைத் தின்று, மாத்திரைகளை விழுங்கினாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். நான் டம்ளர்களைக் கழுவினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இறுதிப் போட்டி. அன்று மாலை என் மனைவி இறந்துபோனாள்.

இப்போது எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்த ஆட்டத்தை நினைத்தால் மட்டும் இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மின்விசிறித் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் வரைபடப் பிரிவு. அவள் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் காயில் பிரிவு. செம்புக் கம்பி எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்று விரல் நுனியாலேயே சொல்லிவிடுவாள். அதே விரல்களால்தான் வாலிபாலும் ஆடினாள். தொழிற்சாலைப் பெண்கள் அணியில் அவள் செட்டர். மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பந்து அவள் கைக்கு வந்து போகும்போது சத்தமே கேட்காது.

ஆலையில் எல்லோருக்கும் நடந்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவளுடைய இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. பிறவியிலேயே இருந்ததாம். தொடை வழியாகக் குழாய் விட்டு, குடை போல விரியும் ஒரு சின்ன மூடியை வைத்து அடைத்தார்கள். மார்பைத் திறக்கவே இல்லை. வார்டிலிருந்து வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம்:

"ஓட்டை இருந்தப்பதான் உன்னைக் கட்டிக்க சம்மதிச்சேன். இப்ப அடைச்சாச்சு. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

மூடியின் மேல் சதை வளர்ந்து மூடும்வரை அதில் ரத்தம் உறையக் கூடாது. அதற்காக அந்த இரண்டு மாத்திரைகள். ரத்தத்திலிருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அவை பார்த்துக்கொள்ளும். ஆறு மாதம். டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

"நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. நீங்களா எதையும் சேர்க்கவும் கூடாது. முக்கியமா வலி மாத்திரை. இதோட அது சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரும்."

"எனக்கு வலியே இல்ல டாக்டர்."

"நல்லது. வந்தா என்கிட்ட கேட்டுட்டுதான் சாப்பிடணும்."

"விளையாடலாமா?"

"மூணு மாசம் போகட்டும்."

அவள் ஸ்டூலில் இருந்து துள்ளி இறங்கினாள். "இப்ப இல்லம்மா!" என்று டாக்டர் கத்தினார்.

அவர் சொன்னதை அவள் மீறவில்லை. இதை நான் எங்கும் அடித்துச் சொல்வேன். ஒரு முறை கடைவாய்ப் பல் வலித்து முகம் வீங்கிவிட்டது. ராத்திரி முழுவதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாத்திரை போட்டுக்கொள் என்று அத்தை போனில் கெஞ்சினார். "அம்மா, வலி மாத்திரை தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீ சும்மா இரு" என்றாள். பல் பிடுங்கிய பிறகும் தொடவில்லை. ஐஸ்கட்டியால் ஒத்தடம் கொடுத்தே ஓட்டினாள்.

மறுநாள் மாலை பயிற்சிக்குப் போய், வழக்கம் போல வார்ம்-அப் மாத்திரையை விழுங்கினாள்.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு வந்ததும் பெண்கள் முதலில் ஓடுவார்கள். பிறகு விரல்களுக்கு டேப் சுற்றுவார்கள். பிறகு வட்டமாக நிற்பார்கள். அணியிலேயே உயரமானவள், கொக்கு என்று பெயரெடுத்தவள், ஒரு சோப்பு டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். ஒரே பாட்டில் தண்ணீர் கை மாறிச் சுற்றி வரும். எல்லோரும் விழுங்கியதும் "ஹோய்!" என்று ஒரு கத்தல். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அணிக்கு வந்த ஒவ்வொருத்தியும் முதல் நாளிலிருந்து இதைச் செய்தாள். உடம்பு சூடானால் அடி விழுந்தாலும் தெரியாது என்பார்கள். ஒரு முறை டப்பாவை மறந்துவிட்டுப் போய் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றார்கள். அதற்குப் பிறகு பந்தை மறந்தாலும் டப்பாவை மறப்பதில்லை.

வலிக்காக அதை யாரும் சாப்பிடவில்லை. வலி வருவதற்கு முன்னால் சாப்பிட்டார்கள். ஷூ, முழங்கால் பட்டை, டேப், மாத்திரை. அவர்களுக்கு அது ஆட்டச் சாமான். கேலரியில் இருந்து பார்த்தால் குளுக்கோஸ் போலத் தெரியும்.

அவள் மீண்டும் ஆட வந்தபோது போட்டித்தொடர் தொடங்கியிருந்தது. தினமும் பயிற்சி, வாரக் கடைசிகளில் ஆட்டம். தினமும் வட்டம், தினமும் டப்பா. அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. காயில் பிரிவில் மேஸ்திரி ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார். கேன்டீனில் அவளுக்கு இரண்டாவது முட்டை. வரைபடப் பிரிவில் என்னையே "செட்டர் வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு ஆலையே கிளம்பியது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன இப்படி வெளுத்திருக்கே?"

"பவுடர்."

"போட்டிக்குப் பவுடரா?"

"போட்டோ எடுப்பாங்கல்ல? கோப்பையோட நிக்கும்போது அழகா இருக்க வேண்டாமா? உனக்கென்ன, நீ எப்படியும் கூட்டத்துல ஒருத்தன்."

படிக்கட்டில் இறங்கும்போது நடுவில் ஒரு முறை நின்றாள். லேஸ் கட்டுவது போலக் குனிந்தாள். லேஸ் கட்டியேதான் இருந்தது.

உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. மரத் தரை, புதிதாக மெழுகு போட்டது. ஷூ தேயும் சத்தம் பறவை கத்துவது போலக் கேட்டது. எதிரணி அரசு மருத்துவமனை நர்ஸ்கள். அவர்களில் ஒருத்திக்கு எங்கள் பெண்கள் வைத்திருந்த பெயர் புல்டோசர். அகலத் தோள். அவள் அடித்தால் பந்து தரையில் பட்டு இரண்டாவது வரிசைக்கு எகிறும்.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "என்னங்க, காத்து வாங்க வந்தீங்களா?"

கொக்கு விடவில்லை. "ஆமா சிஸ்டர். உங்களுக்குத்தான் வேர்க்குதுன்னு கேள்விப்பட்டோம்."

புல்டோசர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பயப்படாதீங்க. மூணு செட்ல எல்லாருக்கும் டிஸ்சார்ஜ் எழுதிக் குடுத்துடறோம்."

வட்டம். டப்பா. பாட்டில். "ஹோய்!"

முதல் செட் எங்களுக்கு. என் மனைவி ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது? பந்து எங்கிருந்து வந்தாலும் அவளுக்குக் கீழே வந்துதான் நின்றது. இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் கொடுத்தாள். எதிரணி ஒரு பக்கம் எகிறும், பந்து இன்னொரு பக்கம் விழும். எனக்குப் பின்னால் இருந்த மேஸ்திரி என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தார். "பார்த்தியா? பார்த்தியா? உன் வீட்டம்மா கண்ணைக் கட்டி வித்தை காட்டுது!"

இரண்டாவது செட் அவர்களுக்கு. மூன்றாவதும் அவர்களுக்கு. புல்டோசர் சூடாகிவிட்டாள். ஒரு ஸ்மாஷ் எங்கள் கடைசி வரிசைப் பெண்ணின் தோளில் பட்டு அவளை உட்கார வைத்தது. டைம்-அவுட். மற்றவர்கள் நின்றார்கள். என் மனைவி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவில் தொங்கவிட்டாள். ஸ்டோர் பிரிவு அக்காதான் எங்கள் கோச். அவர் குனிந்து ஏதோ கேட்டார். இவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அப்புறம் எழுந்து, கொக்கின் காதைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். கொக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

நான்காவது செட் எங்களுக்கு. எப்படி என்று கேட்காதீர்கள். நான் இருக்கை மேல் ஏறி நின்றிருந்தேன். வரைபடம் போடுகிறவன், பேனா மூடியைக்கூடத் தொலைக்காதவன் நான்; கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மேஸ்திரி தன் தொப்பியை எறிந்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது செட் பதினைந்து பாயிண்ட். எட்டுக்கு எட்டு. பத்துக்குப் பத்து. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. புல்டோசர் அடித்த சர்வீஸ் வலையின் மேல் விளிம்பில் நடந்து, அவர்கள் பக்கமே விழுந்தது. பதினான்கு. இன்னும் ஒன்று.

நீண்ட ஆட்டம் அது. கொக்கு அடித்தாள், திரும்பி வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. கடைசி வரிசைப் பெண் விழுந்து எடுத்தாள். பந்து கோணலாக என் மனைவியிடம் வந்தது. கொக்கு ஓடி வந்து எகிறினாள். எதிரணியில் மூன்று பேர் அவளோடு எகிறினார்கள். என் மனைவி கொக்குக்குக் கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தியவள் கடைசி நொடியில் ஒரு கையால் பந்தை வலைக்கு மேல் தள்ளிவிட்டாள். எட்டாத உயரத்தில் அது மிதந்து போனது. பின் மூலையில், கோட்டின் பக்கத்தில் விழுந்தது.

லைன் அம்பயர் கொடியைத் தாழ்த்தினார். உள்ளே.

விசில்.

அரங்கம் வெடித்தது. புல்டோசர் அந்த மூலையில் மண்டியிட்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வெளிய சார்! இவ்வளவு இடைவெளி! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" அம்பயர் கை விரித்தார். மரத் தரையில் தடம் ஏது? எங்கள் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து உருண்டார்கள். என் மனைவி மட்டும் வலையைப் பிடித்தபடி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேலரியில் இருந்து தாவிக் குதித்து இறங்கி ஓடினேன். அதற்குள் கொக்கு அவளைத் தோளில் தூக்கிவிட்டாள்.

"இறக்குடி. இறக்கு, இறக்கு!"

இறக்கியதும் வாந்தி எடுத்தாள். முதலில் காப்பித் தூள் கரைத்தது போலக் கறுப்பாக. பிறகு சிவப்பாக. மெழுகுத் தரையில் அது பரவிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வலைக்கு அடியில் குனிந்து முதலில் ஓடி வந்தது புல்டோசர்தான். ஒரு நிமிஷத்துக்கு முன் அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்த குரல் அப்படியே மாறிவிட்டது. என் மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"யாரு இவங்க வீட்டுக்காரர்? என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

சொன்னேன். இதயத்தில் மூடி, இரண்டு மாத்திரை. பெயர்களையும் சொன்னேன்.

"வேற?"

"வேற எதுவும் இல்ல. வலி மாத்திரைகூடத் தொட மாட்டா."

"ஆமா சிஸ்டர்," என்றாள் கொக்கு. "அக்கா அதுல ரொம்ப கண்டிப்பு. எங்களோட வார்ம்-அப் மாத்திரை மட்டும்தான்."

"எது? காட்டு."

சோப்பு டப்பா வந்தது. புல்டோசர் உள்ளே இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதை எத்தனை நாளா?"

"டோர்னமென்ட் ஆரம்பிச்சதுல இருந்து. தினமும். ஆனா இது வலிக்கு இல்ல சிஸ்டர், சூடு ஏறதுக்கு."

"ஏம்மா," என்றாள் புல்டோசர், "இது வலி மாத்திரைன்னு வயித்துக்குத் தெரியுமே."

போனை எடுத்தாள். அவளுடைய மருத்துவமனைதான். மாத்திரைப் பெயர்கள் மூன்றையும் ஒப்பித்தாள். ரத்தம் தயாராக வைக்கச் சொன்னாள். "நான் கூட வர்றேன். எமர்ஜென்சி கதவைத் திறந்து வைங்க" என்றாள். ஆட்ட உடையிலேயே, முதுகில் ஒன்பதாம் எண்ணோடு, ஆம்புலன்ஸில் ஏறினாள். நான் ஏறினேன். கொக்கு ஏறப் பார்த்தாள், இடம் இல்லை. பின்னாலேயே ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள்.

மருத்துவமனை வராந்தாவில் கொக்கு அழுதுகொண்டே சொன்னபோதுதான் மற்றவை எனக்குத் தெரிந்தன. நான்கைந்து நாட்களாகவே என் மனைவிக்குத் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போயிற்றாம். பயிற்சி முடிந்து உட்கார்ந்தபோது சொன்னாளாம். "டென்ஷன்க்கா. எனக்கும் பரீட்சைன்னா வயிறு கெட்டுடும்" என்றாளாம் கொக்கு. இருவரும் சிரித்தார்களாம். டைம்-அவுட்டில் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னது என்ன என்று கேட்டேன். "எனக்குக் கண்ணு இருட்டுது. நீ எங்க இருக்கேன்னு கத்திக்கிட்டே இருடி, சத்தத்தை வச்சுக் குடுக்குறேன்" என்றாளாம். அது ஜோக் என்று நினைத்துத்தான் கொக்கு சிரித்திருக்கிறாள். நான்காவது செட்டை அப்படித்தான் ஆடியிருக்கிறாள் என் மனைவி. முதல் செட்டில் மேஸ்திரி கண்ணைக் கட்டிய வித்தை என்றாரே, அது நான்காவதில் நிஜமாகியிருக்கிறது.

டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் புண்ணைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏற்றியதைவிட வேகமாகப் போனது. வெளியே வந்த டாக்டர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். எதிரில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"வலி மாத்திரை வயித்து உள்சுவரோட பாதுகாப்பை எடுத்துடும். புண்ணாகும். சாதாரணமா அந்தப் புண்ணை ரத்தமே உறைஞ்சு அடைச்சுடும். இவங்களுக்கு அந்த ரெண்டு மாத்திரையும் அடைக்க விடல. இதயத்துக்காக அதை நிறுத்தவும் முடியாது. அதைக் கண்டிப்பா சாப்பிடணும். இந்த வலி மாத்திரை தேவையே இல்ல. இது ஒண்ணை மட்டும் விட்டிருந்தா…"

நான் தலையாட்டினேன். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

கோப்பை இப்போது ஆலை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அவள் புகைப்படத்தோடு. பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள், டேப் சுற்றுகிறார்கள், "ஹோய்" என்கிறார்கள். டப்பா இல்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருத்தியிடமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கொக்கு கேட்கிறாள். வலிக்கு, சளிக்கு, சத்துக்கு, சூட்டுக்கு, எதுவானாலும் அட்டையைக் கொண்டு வந்து காட்டச் சொல்கிறாள். மருத்துவமனை அணியோடு இந்த வருஷமும் ஆட்டம் உண்டு. புல்டோசர் என்னை வரச் சொல்லிப் போன் செய்தாள்.

என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். "ஜெயிச்சுட்டோம்" என்றாளாம். புகைப்படத்தின் கீழேயும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் என்னையும் புல்டோசரையும் தவிர யாரும் இல்லை. நாங்கள் மறுக்கவில்லை.

அன்று ஆம்புலன்ஸில் சைரன் அலறியது. வண்டி திருப்பங்களில் சாய்ந்தது. புல்டோசர் ஒரு கையால் சலைன் பையைப் பிழிந்துகொண்டு, இன்னொரு கையால் என் மனைவியின் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். "பேசாதீங்கம்மா, வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் மனைவி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி புல்டோசரைப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சிஸ்டர், அந்தப் பந்து வெளியதான் விழுந்துச்சு. எங்க பொண்ணுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."